பின்னிருக்கையின் அகலம்

நம் நண்பர் ஒருவர் நியூ ஜெர்சியில் வசிக்கிறார். இரண்டு குழந்தைகளின் தந்தை. மூன்றாவது குழந்தை வரவிருந்த மாதங்களில், வார இறுதிகளில் அவர் அளவு நாடா ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கார் விற்பனைக் கூடங்களை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பின்கதவைத் திறப்பார், இருக்கையின் குறுக்கே நாடாவை நீட்டுவார், எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார். "ஒரு அம்பாசடரின் பின்சீட்டில் நாங்கள் ஆறு பிள்ளைகள் திருப்பதி வரை போயிருக்கிறோம். இங்கே மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கார் கிடைக்கவில்லை" என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டார்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய பேச்சுத்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆறு பிள்ளைகளுக்குப் போதுமாயிருந்த இடம் மூன்று பிள்ளைகளுக்குப் போதாமல் போனதற்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு இருக்கிறது. கார்கள் சிறுத்துவிடவில்லை, பெரும்பாலும் பருத்தே இருக்கின்றன. மாறியது இருக்கையின் பொருள். வாகனத்தின் பின்னிருக்கை ஒரு காலத்தில் பலகை. இன்று அது எண்ணிக்கை. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்க முனைகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் குடும்பக் கார் என்பது இரண்டு நீள்பலகைகள் கொண்ட கூடு. முன்னால் மூவர், பின்னால் மூவர் என்பது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. மடியில், பெரியவர்களின் கால்களுக்கிடையில், பின்கண்ணாடியின் கீழுள்ள மேடையில் என எங்கு இடமோ அங்கு அவர்கள் இருந்தார்கள். குழந்தைகளுக்கென்று தனி இருக்கைகள் 1930களிலேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டன என்பது உண்மை. பன்னி பேர் என்ற நிறுவனம் செய்த இருக்கைகள் அவற்றுள் அறியப்பட்டவை. ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. குழந்தை எழுந்து அலையாமல் ஓரிடத்தில் இருக்கவேண்டும், சன்னல் வழியே வெளியே பார்க்கும் உயரத்தில் இருக்கவேண்டும், ஓட்டுபவரின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது, அவ்வளவே. பின்னாளில் வந்த இத்தகைய இருக்கைகள் சில, முன்பலகையின் முதுகில் கொக்கி போட்டு மாட்டப்படுபவை. குழந்தை விளையாட ஒரு பொம்மை ஸ்டியரிங்கும் அவற்றில் இருந்தது. விபத்து என்ற எண்ணமே அந்த வடிவமைப்புக்குள் நுழையவில்லை. மோதல் நேர்ந்தால் இருக்கையும் பொம்மைச் சக்கரமும் குழந்தையோடு சேர்ந்தே பறக்கும்.

தாயின் கைகளைவிடப் பாதுகாப்பான இடம் குழந்தைக்கு உண்டோ என்று கேட்பது நம் மரபில் மட்டுமல்ல, எல்லா மரபிலும் இயல்பு. இயற்பியல் இதை ஏற்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு சுவரில் மோதினால் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கிலோ அதற்கும் குறைவாகவோ நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் 8 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் வலு கைகளுக்கு வேண்டும். எந்தத் தாயின் கைகளுக்கும் அது இயலாது. அன்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த எளிய கணக்கு வடிவமாக மாற 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் மூன்று முனைகளில் பிணைக்கப்படும் சீட் பெல்ட்டை அளித்தார். அது வளர்ந்தவர்களின் இடுப்பெலும்பையும் தோளையும் நம்பி அமைந்தது. குழந்தைக்கு அது பொருந்தாது. 1962இல் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ் பின்னோக்கி அமையும் குழந்தை இருக்கை ஒன்றை வடிவமைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரில் லெனார்ட் ரிவ்கின் உலோகச் சட்டம் கொண்ட முன்னோக்கிய இருக்கையைச் செய்தார். ஆழமான கேள்வியைக் கேட்டவர் ஸ்வீடனின் மருத்துவப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில், முதுகு முழுவதும் விசையைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு கிடத்தப்பட்டிருந்ததைக் கண்ட அவர், குழந்தையையும் அப்படியே இருத்தினால் என்ன என்று எண்ணினார். கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தோ இளந்தண்டு. முன்னோக்கி இருந்தால் மோதலின்போது கழுத்து மட்டுமே தலையைப் பிடித்து நிறுத்தவேண்டும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒருசேர ஏந்திக்கொள்ளும். 1964இல் வால்வோ பிவி544 காரில் அந்த மாதிரி சோதிக்கப்பட்டது. விண்வெளிக்குப் போனவர்களிடமிருந்து பால்குடிக் குழந்தைக்கு வந்த இந்தக் கொடை, நம்மைப் பொறுத்தவரை அந்தப் பத்தாண்டின் அழகிய நிகழ்வுகளில் ஒன்று.

வடிவம் வந்துவிட்டால் வழக்கம் வந்துவிடாது. அமெரிக்காவில் ரால்ப் நாடரின் நூல் 1965இல் எழுப்பிய சீற்றத்தை அடுத்து 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1971இல் குழந்தை இருக்கைகளுக்கான முதல் கூட்டாட்சி விதி வந்தது. இருக்கையைக் காரின் பட்டையால் கட்டவேண்டும், குழந்தையை இருக்கையின் வார்களால் கட்டவேண்டும் என்றது அது. மோதவிட்டுச் சோதிக்கவேண்டும் என்று சொல்லவில்லை; அந்தக் கட்டாயம் வந்தது 1981 ஜனவரியில்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஒரு தாய் கடையில் வாங்கிய இருக்கை விபத்தைத் தாங்குமா என்பது அவளுடைய நம்பிக்கையைப் பொறுத்தது.

இருக்கையை வாங்கினால் மட்டும் போதாது, அதில் குழந்தையை உட்காரவைப்பது சட்டப்படி கடமை என்று முதலில் சொன்ன மாநிலம் டென்னசி. மர்ஃப்ரீஸ்பரோ என்ற சிற்றூரின் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ் அந்த மாவட்டத்தின் பொதுச் சுகாதாரத் துறைக்கும் தலைவராக இருந்தார். போலியோவுக்கும் தட்டம்மைக்கும் தடுப்பூசி வந்துவிட்ட காலத்தில், நலமாக இருந்த குழந்தைகள் சாலையில் இறந்துகொண்டிருந்தார்கள். இதற்கும் ஒரு தடுப்பூசி இருக்கிறது, அது கடையில் விற்கிறது, ஆனால் யாரும் போட்டுக்கொள்வதில்லை என்பது அவருடைய பார்வை. பெற்றோரின் உரிமையில் அரசு தலையிடுவதா என்ற எதிர்ப்பும், ஏழைகள் இருக்கை வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்கள் என்ற நியாயமான கேள்வியும் எழுந்தன. மாநிலத்தின் குழந்தை மருத்துவர்களைத் திரட்டி, சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஒவ்வொருவராகப் பேசவைத்துத்தான் அவர் வென்றார். 1977இல் நிறைவேறிய சட்டம் 1978 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது பொருந்தியது.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கும் ஒட்டவைக்கப்பட்டிருந்தது. வயதில் மூத்த ஒருவர் குழந்தையைக் கைகளில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை என்பதே அது. மேலே நாம் போட்ட கணக்கை நினைத்துக்கொண்டால் இந்த விலக்கின் கொடூரம் விளங்கும். பிடித்திருக்கும் பெரியவரே பட்டை அணியாதவராக இருந்தால், அவருடைய எடை முழுவதும் குழந்தையின்மீதுதான் இறங்கும். சாண்டர்ஸ் அதைக் குழந்தை நசுக்கி என்றே பெயரிட்டு அழைத்தார். அதை நீக்க மேலும் சில ஆண்டுகள் போராடி, 1981இல் நீக்கினார். 1985க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை இயற்றிவிட்டன. பெரியவர்களுக்கு சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்க அதே மாநிலங்கள் பல தயங்கி நின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இந்தச் சட்டங்கள் பரவிய அதே ஆண்டுகளில்தான் அமெரிக்கக் குடும்பத்தின் வண்டியும் உருமாறியது. அதற்குமுன் ஆட்சி செலுத்தியது ஸ்டேஷன் வேகன். இரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிவந்த மரக்கூண்டு வண்டியின் பெயரைச் சுமந்து வந்தது அது. போருக்குப் பிந்தைய குழந்தைப் பெருக்கக் காலத்தில் புறநகரின் அடையாளமாயிற்று. அதன் சில வகைகளில் கடைசி வரிசை இருக்கை பின்புறம் பார்த்து அமைந்திருக்கும். கடந்துபோகும் சாலையைப் பார்த்தபடி, பின்னால் வரும் ஓட்டுநர்களுக்கு முகம் சுளித்துக் காட்டியபடி போன பயணங்களைப் பற்றி அத்தலைமுறையினர் இன்றும் உருகுகிறார்கள். அந்த இடம் வண்டியின் பின்முனை, அதாவது பின்னாலிருந்து மோதும் வண்டி முதலில் தொடும் இடம் என்பதை அந்த உருக்கம் மறந்துவிடுகிறது.

ஸ்டேஷன் வேகனுக்கு மாற்றாக வந்த மினிவேனின் பிறப்பு, இரண்டு வெளியேற்றங்களின் கதை. ஃபோர்டு நிறுவனத்தில் ஹால் ஸ்பெர்லிக் 1970களில் ஒரு சிறிய குடும்ப வேனுக்கான கருத்தை முன்வைத்தார். கார் போல ஓடவேண்டும், வீட்டுக் கொட்டகைக்குள் நுழையும் உயரத்தில் இருக்கவேண்டும், தரை தாழ்வாகவும் தட்டையாகவும் அமையவேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு முன்சக்கரங்களை இயக்கும் எஞ்சின் தேவை. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு இணங்கவில்லை. ஸ்பெர்லிக் கிரைஸ்லருக்குப் போனார். 1978இல் லீ அயகோக்காவும் ஃபோர்டிலிருந்து நீக்கப்பட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். கிரைஸ்லரோ அப்போது திவாலின் விளிம்பில் நின்றது. அரசின் கடன் உத்தரவாதத்தால் உயிர்தரித்தது. 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்சர் ஆலையிலிருந்து முதல் வண்டிகள் வெளிவந்தன. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற இரு பெயர்களில் அவை முதல் ஆண்டிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றன. ஐரோப்பாவில் 1984இல் ரெனோ எஸ்பாஸ் வந்தது.

தாயொருத்தி இரு கைகளிலும் உறங்கும் குழந்தையை ஏந்திக்கொண்டு குனியாமல் வண்டிக்குள் காலெடுத்து வைக்க முடிந்தது என்பதே இந்த வண்டியின் புரட்சி. பக்கவாட்டில் சரியும் கதவு, நெருக்கமான நிறுத்துமிடத்திலும் முழுதாகத் திறந்தது. அந்தக் கதவு தொடக்கத்தில் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கத்துக்கும் அதைக் கிரைஸ்லர் கொண்டுவர 1996 மாதிரி வரை ஆயிற்று. 1992 மாதிரிகளில் இருக்கையின் முதுகிலிருந்தே மடக்கி இறக்கும் குழந்தை இருக்கையும் வந்தது. இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எரிபொருள் சிக்கன விதிகளின்படி மினிவேன் கார் அல்ல, இலகுரகச் சுமைவண்டி. ஆகவே கார்களைவிடத் தளர்வான அளவுகோல் அதற்குப் போதுமாயிருந்தது. தலைத்தாங்கி போன்ற சில பாதுகாப்பு விதிகள்கூட 1990களின் தொடக்கத்தில்தான் இவ்வகை வண்டிகளுக்கு விரிந்தன. குழந்தைகளுக்காகவே வாங்கப்பட்ட வண்டி, சட்டத்தின் பார்வையில் மூட்டை ஏற்றும் வண்டியாக இருந்தது!

1990களில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. பெரியவர்களைக் காக்க வந்த காற்றுப்பை, முன்னிருக்கையில் வைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கொன்றது. பின்னோக்கிய குழந்தை இருக்கை காற்றுப்பைக்கு மிக அருகில் இருக்கும். பை விரியும் வேகம் இருக்கையின் முதுகைக் குழந்தையின் தலையோடு சேர்த்து அறையும். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு முன்னிருக்கைக் காற்றுப்பைகளால் இறந்த பிறகு, பிள்ளைகள் பின்னால்தான் இருக்கவேண்டும் என்பது வேதவாக்கு ஆயிற்று. அது சரியான முடிவு. ஆனால் அதனால் குடும்பத்துக்கு ஓர் இடம் குறைந்தது. முன்பலகை ஏற்கெனவே மறைந்து இரண்டு தனி இருக்கைகளாகியிருந்தது. எஞ்சியது பின்னால் மூன்றே மூன்று.

அந்த மூன்றும் உண்மையில் மூன்றா என்பதுதான் நண்பர் நாடாவுடன் தேடிய விடை. நடுத்தரக் காரின் பின்னிருக்கை ஏறத்தாழ 130 முதல் 140 சென்டிமீட்டர் அகலம். குழந்தை இருக்கைகள் பல 43 முதல் 50 சென்டிமீட்டர் அகலம் கொண்டவை. 47ஐ மூன்றால் பெருக்கினால் 141. சில சென்டிமீட்டரில் ஒரு குடும்பத்தின் கணக்கு உதைக்கிறது. கதவின் கைப்பிடி உள்ளே துருத்தும். நடு இருக்கையின் கொக்கி, பக்கத்து இருக்கையின் அடியில் புதைந்துபோகும். அமெரிக்கா 2002 செப்டம்பரில் முழுமையாக்கிய லாட்ச் விதி, பட்டையின்றி இருக்கையைக் கொளுவும் உலோக நங்கூரங்களைப் புதிய கார்களில் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவின் ஐசோஃபிக்ஸும் அவ்வாறே. ஒரு இருக்கைக்கான இரு கொளுவிகளுக்கிடையே 280 மில்லிமீட்டர் என்பது வகுத்த அளவு. ஆனால் அமெரிக்க விதி, பின்னால் மூன்று இடங்கள் இருந்தாலும், கீழ்க்கொளுவிகளை இரண்டு இடங்களுக்கு மட்டுமே கேட்டது. மூன்றாவதற்கு மேலே கட்டும் வாருக்கான கொளுவி போதும் என்றது. விதியை எழுதியவர்கள் தீங்கு நினைக்கவில்லை. அவர்கள் மனக்கண்ணில் இருந்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள், அவ்வளவே.

பிரிட்டனின் சட்டம் இவ்விஷயத்தில் வெளிப்படையானது. 2006 செப்டம்பரில் அங்கு நடைமுறைக்கு வந்த விதிகள், பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகள் வைத்தபின் மூன்றாவதற்கு இடமில்லையென்றால், மூன்று வயது நிரம்பிய குழந்தை பெரியவர்களுக்கான பட்டையை அணிந்து அங்கே அமரலாம் என்று விலக்களித்தன. காரின் அகலம் போதாது என்பதை ஓர் அரசு சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்ட இடம் இது.

பொறியாளர்களும் முயலாமல் இல்லை. இத்தாலியின் ஃபியட் 1998இல் மல்டிப்ளா என்ற காரைக் கொண்டுவந்தது. நான்கு மீட்டருக்கும் குறைவான நீளம், ஆனால் அகலம் 1.87 மீட்டர், இரண்டு வரிசைகளில் மும்மூன்றாக ஆறு தனி இருக்கைகள். நீளத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டிய இந்தத் துணிச்சல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 1999 கண்காட்சியில் இடம்பெற்றது. தெருவிலோ அதன் நெற்றிப் புடைப்பைக் கண்டு சிரித்தார்கள். ஹோண்டா 2004இல் எஃப்ஆர்-வி என்று அதே அமைப்பில் ஒன்றை ஐரோப்பாவில் விற்றுப் பார்த்தது. 2010 முடிவதற்குள் இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. அமெரிக்காவில் மினிவேனின் விற்பனை 2000ஆம் ஆண்டில் 13 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டபின் சரிந்தது. அதை ஓட்டுபவர் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு ஏற்றிச்செல்லும் அம்மா என்ற கேலி அதற்கொரு காரணம். மலையேறும் தோரணை கொண்ட உயர்ந்த வண்டிகளுக்கு மக்கள் மாறினர். அவற்றின் மூன்றாவது வரிசைக்குப் போகப் பிள்ளைகள் உண்மையாகவே மலையேற வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

இந்நிலையில்தான் 2020இல் ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு திடுக்கிடும் கணக்கை வெளியிட்டனர். மாநிலங்கள் குழந்தை இருக்கைக்கான வயது வரம்பை வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று, நான்கிலிருந்து எட்டு வரை உயர்த்திக்கொண்டே வந்தன. இதைப் பயன்படுத்தி, இரண்டு குழந்தைகள் கட்டாய வயதுக்குள் இருக்கும் பெண்களையும் அவ்வாறில்லாதவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். மூன்றாவது குழந்தை பிறக்கும் வாய்ப்பு முன்னவர்களிடம் குறைந்திருந்தது. அதுவும் கார் வைத்திருக்கும் குடும்பங்களில். இச்சட்டங்கள் 2017இல் 57 குழந்தைகளின் விபத்து மரணத்தைத் தடுத்தன என்றும், அதே ஆண்டில் ஏறத்தாழ 8,000 பிறப்புகள் நிகழாமற்போகக் காரணமாயின என்றும் மதிப்பிட்டனர். 1980 முதல் கணக்கிட்டால் 1,45,000.

இந்த எண்கள் அரசியல் மேடைகளிலும் ஒலித்தன. நமக்கு இவற்றை ஒரே தராசில் வைப்பதில் உடன்பாடில்லை. காப்பாற்றப்பட்டவர்கள் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் குழந்தைகள். பிறக்காமற்போனவர்கள் ஒரு மதிப்பீட்டின் முடிவு. மரணத்தை மட்டும் எண்ணி, தவிர்க்கப்பட்ட மூளைக்காயங்களை எண்ணாமல் விடுவதும் முறையல்ல. எனினும் சட்டத்தின் மேல்வரம்பு பற்றிய ஐயம் புதிதல்ல. இரண்டு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு, உயிரிழப்பைப் பொறுத்தவரை, சாதாரண பட்டையைவிடக் குழந்தை இருக்கை பெரிதாகச் சாதிக்கவில்லை என்று பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2005இல் எழுதினார். மருத்துவ ஆய்வாளர்கள் 2006இல் அதே வயதினரை ஆராய்ந்து, முறையாகப் பயன்படுத்தினால் உயிரிழப்பு ஆபத்து 28 விழுக்காடு குறைகிறது என்றனர். காயங்களைப் பற்றிய சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் இருக்கையின் பக்கமே நாம் நிற்போம். கைக்குழந்தையைப் பற்றியோ எவருக்கும் ஐயமில்லை. மாற்றவேண்டியது இருக்கையை அல்ல, அது வைக்கப்படும் இடத்தை என்பதே நம் துணிபு.

இந்தியாவிலும் 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காவிட்டால் ஆயிரம் ரூபாய் தண்டம் என்கிறது. நம் சாலைகளில் மடியே இன்னும் இருக்கையாக இருக்கிறது. சாண்டர்ஸ் எதிர்த்த அந்த விலக்கு எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமலேயே இங்கு செல்லுபடியாகிறது.

நண்பர் கடைசியில் கார் வாங்கவில்லை. அளந்த பன்னிரண்டு வண்டிகளில் இரண்டில்தான் அவரிடமிருந்த இருக்கைகள் அடங்கின; இரண்டின் விலையும் கைக்கு எட்டவில்லை. பழைய காரையே வைத்துக்கொண்டு, 43 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று குறுகிய இருக்கைகளை வாங்கினார். கொளுவிகளை விட்டுவிட்டு காரின் பட்டையாலேயே அவற்றைக் கட்டினார். கொளுவிகளுக்கு இடம் நிலையானது, பட்டையால் கட்டினால் இருக்கையை ஓரிரு விரற்கடை நகர்த்திக்கொள்ளலாம். கைக்குழந்தை பின்னோக்கி நடுவில், மற்ற இருவரும் முன்னோக்கி இரு கதவோரங்களிலும். பின்னோக்கிய இருக்கையின் அகன்ற பகுதி மற்றவற்றின் தோளுக்குக் கீழே அமைவதால் இடிக்கவில்லையாம். மூன்றையும் பொருத்தி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. மூத்தவளின் பட்டைக் கொக்கியைப் போட மட்டும் இன்றும் அவர் கையைச் சாய்த்து உள்ளே நுழைக்கவேண்டியிருக்கிறது. அவளுக்கு எட்டு வயதாக இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன என்றார்.